தெரு நிறைய நாய் இருக்க, நாய் இனம் எப்படி அரிதாகும்?

மன்னார்குடிப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் பைக்கில் வருகிறவரை நிறுத்தி, "நாய் இனங்கள் அழிந்துகொண்டு வருகின்றன" என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார். முக்குக்கு முக்கு பத்து நாய் துரத்துகிற ஊரில் எதை, யாரிடமிருந்து காப்பாற்றுவது? கேள்வி நியாயமானதுதான். நாய் வேறு, நாய் இனம் வேறு என்பது பிடிபட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். நாய்கள் பெருகிக்கொண்டே இருக்கும்போது ஓர் இனம் இல்லாமல் போகலாம். அது மட்டுமில்லை, அந்த இனத்தின் பெயரைச் சொல்லி விற்கிற குட்டிகள் பெருகுகிற காலத்திலேயே அந்த இனம் காணாமல் போகலாம். இரண்டாவதாகச் சொன்னதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

இனம் எப்படி உருவாகிறது?

தெருநாய்க்கு யாரும் ஜோடி பார்ப்பதில்லை. பருவத்துக்கு வந்த பெட்டையின் பின்னால் ஏழெட்டுக் கடுவன் சுற்றும், எது முந்துகிறதோ அதன் குட்டி. பிறந்ததில் பெரும்பாலானவை வண்டியில் அடிபட்டும் நோய் வந்தும் போய்விடும். பிழைத்ததுதான் அடுத்த தலைமுறை. கிடைத்ததைத் தின்று செரிக்கிற வயிறு, நடுத்தர உடம்பு, குட்டை முடி, ஆள் பார்த்து வாலாட்டுகிற சாமர்த்தியம் என்று அதை வடித்ததெல்லாம் தெருதான். அது கெட்டிக்கார நாய். ஆனால் அதன் குட்டி எந்த நிறத்தில் வரும், எவ்வளவு உயரம் வளரும், காவல் காக்குமா, தூங்குமா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன நாயின் கதை வேறு. ஒருவருக்கு முயல் பிடிக்க நாய் வேண்டும். தன்னிடம் இருக்கும் பெட்டைகளில் வேகமானதை, பக்கத்து ஊரில் பேர் வாங்கிய கடுவனோடு சேர்க்கிறார். ஈத்தில் ஆறு குட்டி. வளர்ந்ததும் ஓடாத நாலைத் தள்ளிவிட்டு, ஓடுகிற இரண்டை வைத்துக்கொள்கிறார். மகன் அதையே செய்கிறார், பேரனும் செய்கிறார். நாய்க்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்துக்கொண்டால், மூன்று மனிதத் தலைமுறைக்குள் முப்பது நாய்த் தலைமுறை ஓடிவிடும். அதற்குள் அந்த வட்டாரத்து நாய்கள் எல்லாம் ஒரு சாயலுக்கு வந்துவிடும். நீண்ட முகம், ஆழமான நெஞ்சு, உள்வாங்கிய வயிறு, சன்னமான வால். குட்டியைப் பார்த்ததும் வளர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம். இனம் என்பது இவ்வளவுதான். ஒரு வேலைக்காக மனிதர் கை தொடர்ந்து தேர்ந்தெடுத்ததால், தாயைப் போலவே குட்டி என்று நம்பிச் சொல்லக்கூடிய ஒரு நாய்க்கூட்டம்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு. டெல்டாக்காரர்களுக்கு அதைக் கண்ணால் காட்டவே முடியும். சம்பா அறுப்பு முடிந்து, தரிசில் உளுந்தும் பயறும் எடுத்த பிறகு, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து நம் வயல்களில் கிடை போடுவார்கள். கிடைக்கு நாலைந்து நாய் இருக்கும். பகலில் அவை நிழலில் படுத்துக் கிடப்பதைப் பார்த்து, சோம்பேறி நாய் என்று நினைத்துவிடக்கூடாது. ஆட்டை மடக்குவது ஆளின் வேலை. நாய்க்கு ராத்திரிதான் வேலை. கிடையைச் சுற்றி ஆளுக்கொரு மூலையாகப் படுத்துக்கொள்ளும். வரப்பில் நரி வாடை வந்தாலும், டார்ச் இல்லாமல் ஒருவன் நடந்தாலும் முதலில் ஒன்று எழும், பிறகு எல்லாம் எழும். குட்டி ஈன்ற ஆட்டுக்குப் பக்கத்திலேயே படுத்து, விழுகிற நஞ்சுக்கொடியைத் தின்னும், ஈரம் காயாத ஆட்டுக்குட்டியைத் தொடாது.

திருத்துறைப்பூண்டி ரோட்டில் ஒரு கிடையில் பெரியவர் ஒருவரிடம், "இது என்ன இனம்ணே?" என்று கேட்டேன்.

"இனமென்ன இனம் தம்பி, நம்ம கெடையில பொறந்தது. இதுக்கு ஆத்தாளும் இங்கனதான் கெடந்துச்சு. குட்டியில வாய் வச்சா அன்னைக்கே பத்தி விட்ருவோம்."

அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில் நாய் வளர்ப்பு விஞ்ஞானம் பாதி அடங்கிவிட்டது. பெயர் கிடையாது, பேப்பர் கிடையாது, நிறத்துக்கு விதி கிடையாது. ஆனால் தேர்வு நடக்கிறது, அதுவும் ஒவ்வொரு ராத்திரியும். இப்படி, எழுதிவைத்த இலக்கணம் இல்லாமல் வேலையால் மட்டும் திரண்டு வந்த நாய்க்கூட்டத்தை வட்டார வகை எனலாம். உலகத்தின் பேர்பெற்ற இனங்களில் பலவும் முதலில் இப்படிப்பட்ட வட்டார வகைகளாக இருந்து, பிற்பாடு பெயரும் பதிவும் வாங்கியவைதான்.

இந்த வேலை நம் ஊருக்குப் புதிதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரனின் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. அதன் இனம் என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என்ன செய்தது என்று எழுதி வைத்தார்கள்.

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற இனங்கள்

நான்கு பெயர் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ராஜபாளையம்: வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்த்த பெரிய நாய். சிப்பிப்பாறை: விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயர் தாங்கியது, மோப்பத்தைவிடக் கண்ணை நம்பித் துரத்துகிற ஓட்டக்கார நாய். கன்னி: அதே வார்ப்பு, கறுப்பு உடம்பில் பழுப்புக் கால் என்றால் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். இதுவும் சிப்பிப்பாறையும் ஒரே இனத்தின் நிற வேறுபாடுதான் என்று வாதாடுகிறவர்களும் உண்டு, அந்தச் சண்டை முடிகிற மாதிரி தெரியவில்லை. கோம்பை: தேனி மாவட்டம் கோம்பையைச் சேர்ந்தது, செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகம், கட்டுமஸ்தான காவல் நாய்.

நான்குமே தெற்கத்திக் காய்ந்த நிலத்து நாய்கள். டெல்டாவின் பேர் சொல்ல ஒன்று இல்லையா என்று ஒரு ஆதங்கம் வரும். இணையப் பட்டியல்களில் தஞ்சாவூர், திருச்சி வட்டாரத்து நாய் என்று அலங்கு என்றொரு பெயர் வரத்தான் செய்கிறது. ஆனால் அரசுப் பதிவு பெற்ற இனங்களில் அது இல்லை. யோசித்துப் பார்த்தால், ஓட்டக்கார நாய்க்கு இங்கே வேலையும் இல்லை. வருஷத்தில் பாதி நாள் வயலில் தண்ணீர் நிற்கிற ஊரில், முயலைத் துரத்திக்கொண்டு எங்கே ஓடுவது? வரப்பில் ஓடினால் சேற்றில்தான் விழ வேண்டும். இங்கே நாய்க்கு இருந்த வேலை களத்துமேட்டுக் காவலும், கிடைக் காவலும், வாத்து மேய்க்கிறவர்களோடு ஊர் ஊராகப் போவதும்தான்.

வேலை போனால் இனம் போகும்

இதை டெல்டாவில் புரியவைக்க நாயைவிட மாடு சுலபம். உம்பளாச்சேரி மாடு தெரியும்தானே? நெற்றியிலும் காலிலும் வெள்ளை, கொம்பு தீய்த்த தலை, உயரமில்லாத இறுகிய உடம்பு. முழங்கால் சேற்றில் நாள் முழுக்கச் சளைக்காமல் உழுவதற்கென்றே திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து விவசாயிகள் தேர்ந்து தேர்ந்து வடித்த மாடு. பவர் டில்லரும் டிராக்டரும் வந்தன. உழவு போனது. பாலுக்கு என்று பார்த்தால் கலப்பின மாட்டின் பக்கத்தில் நிற்க முடியாது. அப்புறம் யார் வளர்ப்பார்கள்? இன்றைக்கு அந்த இனம் தாக்குப்பிடிப்பதற்கு, பிடிவாதமான சில விவசாயிகளோடு, 1968 முதல் இயங்கும் கொருக்கை அரசுப் பண்ணையும் ஒரு காரணம். மாட்டின் மேல் யாருக்கும் வெறுப்பு வரவில்லை. வேலை மட்டும்தான் போயிற்று.

வேட்டை நாய்க்கும் அதுவே நடந்தது, இரண்டு அடியாக. தெற்கே நல்ல நாய்களை வைத்திருந்தவர்களில் ஜமீன் குடும்பங்கள் முக்கியமானவை. பத்து இருபது நாய் வைத்துக் கறி போட்டு, அதற்கென்று ஆளும் வைக்க வசதி வேண்டுமே. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த வசதி ஆட்டம் கண்டது. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையையே குற்றமாக்கியது. சட்டம் சரியானதுதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக, சிப்பிப்பாறையையும் கன்னியையும் தலைமுறை தோறும் சோதித்த பரீட்சை நின்றுபோனது. வேகமான நாய்க்கும் மந்தமான நாய்க்கும் வித்தியாசம் பார்க்க வழியே இல்லை என்றால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

தெற்கத்தி வளர்ப்பாளர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. குட்டியை விற்க மாட்டார்கள், வேண்டப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். பேர்பெற்ற கடுவனை அடுத்தவர் பெட்டைக்கு விடுவது கெளரவக் குறைச்சல். இனத்தைச் சுத்தமாக வைத்திருந்தது இந்தப் பெருமிதம்தான். ஆள் குறைந்தபோது இனத்தைச் சிறு சிறு தீவாக்கி நெருக்கியதும் அதுவே.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. இங்கிலாந்தில் அடுப்படிச் சக்கரத்துக்குள் ஓடி இறைச்சிக் கம்பியைச் சுற்றுவதற்கென்றே ஒரு குட்டைக்கால் நாய் இருந்தது. கம்பியைச் சுற்றப் பொறி வந்ததும் தேவையில்லாமல் போய், பத்தொன்பதாம் நூற்றாண்டோடு மறைந்துவிட்டது. பாடம் செய்த ஒரு நாய் மட்டும் வேல்ஸில் ஒரு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நீர்நாய் வேட்டைக்கு வளர்த்த ஆட்டர்ஹவுண்டும் அங்கே நீர்நாயைப் பாதுகாக்கச் சட்டம் வந்த பிறகு அரிதாகிவிட்டது. வருஷத்துக்கு 300 குட்டிக்கும் குறைவாகப் பதிவாகும் உள்நாட்டு இனங்களை, நாய் இனங்களைப் பதிவு செய்யும் அந்நாட்டுக் கென்னல் கிளப் தனிப் பட்டியலாகவே வைத்திருக்கிறது.

ஃபேஷன் செய்த வேலை

வேலை போன பிறகு மிஞ்சுவது ஆசை. ஆசைக்கு வளர்க்கிறவர்களின் ரசனை சினிமாவையும் விளம்பரத்தையும் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும். டெல்டாவில் ஒரு காலத்தில் பெரிய வீடு என்றால் கேட்டில் அல்சேஷன் நிற்க வேண்டும். உத்தியோகஸ்தர் வீடு என்றால் திண்ணையில் ஒரு பொமரேனியன் கத்த வேண்டும். அப்புறம் டாபர்மேன் வந்தது. 2003 வாக்கில் ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்ததும் ஊர் முழுக்கப் பக் நாய். இப்போது ஹஸ்கி. சித்திரை வெயிலில் திருவாரூர் தேரோடும் வீதியில் ஒருவர் சைபீரியப் பனிநாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், அது நாக்கைத் தரை வரை தொங்கப் போட்டுக்கொண்டு போகிறது. பாவம் அந்த நாய், வேறு என்ன சொல்ல.

வெளிநாட்டு நாய் வந்து நம் நாயைத் துரத்திவிட்டது என்று சொல்வது பாதி உண்மைதான். கும்பகோணம் மாடி வீட்டில் லாப்ரடார் இருக்கும் இடத்தில் முன்பு சிப்பிப்பாறை இருக்கவில்லை. ஃபேஷன் செய்த கெடுதல் வேறு வழியில் வந்தது. நாய்க்குச் செலவழிக்கிற பணமும் கண்காட்சிக் கவனமும் மருத்துவர்களின் அனுபவமும் அந்தப் பக்கம் போயின. கிராமத்தில் மிச்சமிருந்த நாய்களிலும் கலப்பு புகுந்தது. ஓட்டப் பந்தயத்துக்காகக் கிரேஹவுண்டைக் கலந்தார்கள். முதல் ஈத்துக் குட்டி பிரமாதமாக ஓடும், பந்தயமும் ஜெயிக்கும். அதன் குட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக வரும். 'தாயைப் போலவே குட்டி' என்கிற உறுதி அங்கே உடைந்துவிடுகிறது.

கொஞ்சம் கணக்கு

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், இதுதான் மையம். ஓர் இனத்தில் எத்தனை நாய் இருக்கின்றன என்று எண்ணினால் போதாது. எத்தனை கடுவன், எத்தனை பெட்டை அடுத்த தலைமுறைக்குக் குட்டி கொடுக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதிலும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். மரபியலில் இதற்கு ஒரு சின்னச் சூத்திரம் உண்டு. கடுவன் எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் இனத்தின் பலனுள்ள எண்ணிக்கை.

25 கடுவன், 25 பெட்டை என்றால் விடை 50. சரி. இப்போது ஒரே ஒரு பேர்பெற்ற கடுவன், அதற்கு 50 பெட்டை என்று போடுங்கள். மொத்தம் 51 நாய் நிற்கிறது. விடை நான்கைக்கூடத் தொடாது. கண்ணுக்குத் தெரிவது ஐம்பத்தொன்று, மரபணுக் கணக்கில் இருப்பது நான்கு. ஐம்பதுக்குக் கீழே போனால் ஆபத்து என்பது கால்நடை மரபியலில் பொதுவாக வைத்திருக்கும் எல்லைக்கோடு.

அப்படி என்ன ஆபத்து? எந்தக் குட்டிக்கும் ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது சமாளித்துவிடும். அப்பாவும் அம்மாவும் நெருங்கிய சொந்தம் என்றால், ஒரே மூதாதையின் அதே பழுதான பிரதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம். உடன்பிறந்ததுகளைச் சேர்த்தாலோ, அப்பன் கடுவனை மகள் பெட்டையோடு சேர்த்தாலோ, குட்டியில் இப்படி இரண்டு பக்கமும் ஒன்றாகிப்போகும் பங்கு 25 சதவீதம். பலனுள்ள எண்ணிக்கை 50 ஆக இருக்கும் கூட்டத்தில் இது ஒரு தலைமுறைக்கு 1 சதவீதம் வீதம் ஏறும். நான்காக இருக்கும் கூட்டத்தில் 12 சதவீதத்துக்கு மேல் ஏறும். குட்டி எண்ணிக்கை குறைவது, சினை பிடிக்காதது, நோய் எதிர்ப்பு மங்குவது எல்லாம் இதன் பின்னாலேயே வரும். எதுவும் ஒரே நாளில் தெரியாது. "இந்த ஈத்துல மூணுதான் பொழச்சுது" என்று வளர்ப்பவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

ராஜபாளையம் நாயில் இதை நேரிலேயே பார்க்கலாம். சுத்த வெள்ளைக்குத்தான் மவுசு என்பதால் வேறு நிறக் குட்டிகளை ஒதுக்கி ஒதுக்கி வெள்ளையோடு வெள்ளையையே சேர்த்தார்கள். தோலுக்கு நிறம் கொடுக்கிற உயிரணுக்கள் உள்காதுக்கும் தேவை. அவை காதுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், பிறந்த சில வாரங்களில் உள்காதின் இரத்த ஓட்டம் சிதைந்து, குட்டி நிரந்தரச் செவிடாகிவிடும். டால்மேஷியனிலும் இதே கதைதான். காவலுக்கு வளர்த்த நாய்க்குக் காது கேட்கவில்லை. அழகுக்காகத் தேர்வு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது திரும்பி வந்திருக்கும் மவுசு

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டுக் கோழி என்று பேச்சு கிளம்பியபோது நாயும் அதில் சேர்ந்துகொண்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசினார். யூடியூபில் நாட்டு நாய்ச் சேனல்கள் குவிந்தன. தஞ்சாவூரிலும் மயிலாடுதுறையிலும் இன்றைக்கு கன்னி வைத்திருக்கும் பையன்களைப் பார்க்க முடிகிறது. சந்தோஷம்தான், மறுக்கவில்லை.

ஆனால் மேலே போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். வீடியோவில் பிரபலமான ஒரே கடுவனுக்குப் பத்து ஊரிலிருந்து பெட்டைகள் வருகின்றன. குட்டி நூறு பிறக்கும், அத்தனையும் ஒரே அப்பன் குட்டி. வாங்குகிறவருக்கு நிறமும் உயரமும்தான் தெரியும், ஓட்டம் தெரியாது, பரம்பரை தெரியாது. தேவை ஏறும்போது கலப்புக் குட்டியும் 'ஒரிஜினல்' ஆகிவிடும். பெயர் பரவுகிறது, இனம் சுருங்குகிறது. அழிவுக் காலத்தில் இனத்தைக் காத்தது புறக்கணிப்புதான் என்றுகூடச் சில சமயம் தோன்றும். யாரும் கேட்காததால் கரிசல் காட்டில் நாலு பேர் பழைய வழியிலேயே வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசுப் பக்கம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2005-இல் ராஜபாளையம் அஞ்சல் தலையில் வந்தது. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபுவளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் இனமாகப் பதிவு செய்திருக்கிறது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை நடத்திவந்த நாய் இனப்பெருக்கப் பிரிவு, பராமரிப்பு பற்றிய வழக்கில் நீதிமன்றம் தலையிட்ட பின் மூடப்பட்டது. 2017-இல் மத்திய அரசு நாய் வளர்த்து விற்பதற்கு விதி கொண்டுவந்தது. அதன்படி பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்து ஈத்துதான், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 2024-இல் தமிழ்நாடு அரசு தனியாக ஒரு கொள்கை வெளியிட்டு, ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட் உட்பட நம் வெயிலுக்கு ஒவ்வாத 11 வெளிநாட்டு இனங்களை இனப்பெருக்கம் செய்யத் தடை விதித்து, உள்நாட்டு இனங்களுக்கு ஆதரவு சொன்னது.

இவற்றில் எதுவும் வீண் இல்லை. ஆனால் நாய்க்கு ஒரு வேலையைத் திரும்பக் கொடுப்பது இவற்றைவிடப் பெரிது. கர்நாடகத்தில் முதோல் நாய்க்கென்றே திம்மாபூரில் ஆராய்ச்சி மையம் அமைத்தார்கள், ராணுவமும் அந்த நாயைப் பயிற்சிக்கு எடுத்தது. பயிற்சியில் தேறுகிறதா இல்லையா என்று பார்க்க ஆள் வந்ததும் தேர்வும் திரும்பி வருகிறது. நம் நான்கு இனங்களுக்கும் அப்படித் தொடர்ந்து நடக்கிற ஒரு சோதனை வேண்டும்.

இன்னொன்று, பல கைகளில் பரவுவது. திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் திரட்டினாரே, அவற்றைப் பூட்டி வைக்கவில்லை. ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பி வாங்கி, அதை இன்னொருவருக்குக் கொடுத்தார். நாய் இனமும் விதைநெல் மாதிரிதான். விதைக்கோட்டை கட்டிப் பத்து வருஷம் பரணில் வைக்க முடியாது, விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பல வயலில் விதைக்க வேண்டும். ஒரு பெரிய பண்ணையில் நூறு நாய் இருப்பதைவிட, ஐம்பது வீட்டில் இரண்டிரண்டு இருந்து, கடுவன்கள் ஊர் மாறி ஊர் போய்வந்தால் இனம் பிழைக்கும்.

டெல்டாவில் வளர்க்க நினைத்தால்

முதலில் ஒரு எச்சரிக்கை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுகிற எதையும் துரத்தும். நம் பக்கம் அறுப்பு முடிந்தால் வயல் முழுக்க வாத்துக் கூட்டம், கிடை ஆடு. அவிழ்த்துவிட்ட நாய் பத்து வாத்தைக் கொன்றுவிட்டால் பஞ்சாயத்தில்தான் போய் நிற்க வேண்டும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் என்றால் இன்னும் மோசம், சரணாலயத்து வெளிமான் பின்னால் ஓடினால் வழக்கே வரும். தினமும் ஓட்டம் காட்ட வேலி போட்ட இடம் இல்லாதவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுவது நல்லது. கட்டிப் போட்டால் நாய்க்கும் நிம்மதி இல்லை, வீட்டுக்கும் இல்லை.

வளர்க்கிறீர்கள் என்றால், பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து "நாய்க்குச் சோறே போடறதில்லையா?" என்று கேட்பார். கடைசி இரண்டு மூன்று விலா தெரிவது அந்த நாய்க்கு ஆரோக்கியம்தான், சோற்றைக் கொட்டி உருட்டிவிட வேண்டாம். ஈரமான ஊர் என்பதால் உண்ணித் தொல்லை அதிகம், காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் பார்க்க வேண்டும், உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக நாயைக் கொல்லும். ஒரத்தநாட்டில் 2012 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது டெல்டாக்காரர்களுக்குப் பெரிய வசதி.

ராஜபாளையக் குட்டி வாங்கப் போனால், குட்டி தூங்கும்போது அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கையைத் தட்டினால் காற்று அசைவில் எழுந்துவிடும், தரையைத் தட்டினால் அதிர்வில் எழுந்துவிடும், இரண்டையும் நம்பாதீர்கள். ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால் சாவிச் சத்தத்திலும் தெரியாது. சத்தம் வந்த திசைக்குத் தலையைச் சரியாகத் திருப்புகிறதா என்று இரண்டு மூன்று தடவை பார்க்க வேண்டும். தாயைக் காட்டச் சொல்லுங்கள். தகப்பன் யார், எந்த ஊர் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே வீட்டு நாய் என்றால் ஏன் என்று கேளுங்கள். கோபப்படுகிறவரிடம் வாங்காதீர்கள்.

இனம் எல்லாம் வேண்டாம், காவலுக்கு ஒரு நல்ல நாய் போதும் என்றால் கிடைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஈத்துக்கு ஈத்து குட்டி மிஞ்சத்தான் செய்யும், வெறிநாய்த் தடுப்பூசி போட்டு வளர்க்கிறேன் என்றால் சும்மாவே கொடுப்பார்கள்.

குட்டி போட வைக்கிற எண்ணம் இருந்தால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சேர்த்த தேதி, கடுவனின் பெயர், அதன் வீட்டுக்காரர் ஊர், கடுவனின் தாய் தகப்பன், பெட்டையின் தாய் தகப்பன், ஈன்ற தேதி, எத்தனை குட்டி, எத்தனை செத்தது, எது செவிடு, எந்தக் குட்டி யாரிடம் போனது. குட்டி வாங்குகிறவருக்கு அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்து அவர் ஜோடி தேடும்போது அந்தத் தாள் கையில் இருந்தால்தான், அண்ணன் தங்கையைச் சேர்த்துவிடாமல் தப்பிக்க முடியும்.